அறுத்தால்தான் தெரியும்

தாமிர் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டிருந்த குடும்பங்களில் யோந்தோனின் வாய்க்குத் தப்பியவர்கள் யாரும் கிடையாது. புதுப் பெண்டாட்டியோடு வந்தவன், வழுக்கை விழுந்தவன், குதிரையிலிருந்து விழுந்தவன் என்று ஒருவரையும் விடமாட்டான். கோடை தொடங்கி, கிடாக்குட்டிகளுக்குக் காயடிக்கும் நாள் வந்தால் அக்கம்பக்கத்துக் கூடாரங்கள் எல்லாம் அவனைத்தான் முதலில் கூப்பிடும். கத்தி பிடிக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். இவன் பட்டி வேலியின்மேல் உட்கார்ந்துகொண்டு, பிடிபடுகிற ஒவ்வொரு குட்டிக்கும் அந்தப் பள்ளத்தாக்கு ஆண்பிள்ளை ஒருவனின் பெயரைச் சூட்டி, அவன் பெண்டாட்டி என்ன சொல்லி அழுவாள் என்று நடித்துக் காட்டுவான். தேநீர்க் கேத்தலோடு வரும் பெண்கள் காதில் விழாததுபோல நின்று முழுக்கக் கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள்.

அவன் மனைவி டோல்கோர் அதிகம் பேசமாட்டாள். "ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் பேச்சு அளந்து குடுத்தாங்க. இவன் மொத்தத்தையும் வாரிக்கிட்டான்" என்பான் சம்பூ. ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்தவன் சம்பூ. யோந்தோனோடு ஒரே பள்ளி விடுதியில் வளர்ந்தவன், ஒரே முகாமில் ராணுவச் சேவை முடித்தவன். யோந்தோனுக்குப் பதிலுக்குப் பதில் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் அவன்தான். இரண்டு பேருக்கும் அப்போது ஐம்பத்தாறு வயது.

அந்த வசந்தத்தில் யோந்தோனின் மந்தையில் சினை ஆடுகள் மாதம் நிறையாமலே குட்டிகளை வீச ஆரம்பித்தன. முந்தைய ஆண்டு மழை பொய்த்ததால் புல் தேடி வெகுதூரம் போயிருந்தார்கள். தடுப்பூசி போடுகிறவர்கள் வந்துபோனபோது இவர்கள் இங்கே இல்லை. நாள்தோறும் ஒன்றிரண்டு குட்டிகள் கண் திறக்காமலே விழுந்தன. நஞ்சுக்கொடி உள்ளேயே தங்கிப்போன ஆடுகளைக் காப்பாற்ற யோந்தோன் முழங்கை வரை கைவிட்டு எடுத்தான். கையைப் பனியில் துடைத்துக்கொண்டு அடுத்த ஆட்டிடம் போனான். அவன் அப்பனும் அப்படித்தான் செய்தான். அந்தப் பள்ளத்தாக்கில் அதை வேறு எப்படிச் செய்வது என்று யாருக்கும் தெரியாது.

வசந்தம் முடியும்போது அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பொழுது சாய்ந்தால் குளிரும். விடிந்தால் விரிப்பு நனைந்திருக்கும். இடுப்பு வலித்தது, முழங்கால் வலித்தது. இரண்டு வாரம் படுத்துக் கிடப்பான், பிறகு நன்றாகிவிடும், பிறகு மறுபடி வரும். வயதாகிவிட்டது என்றான். குதிரைமேல் பழியைப் போட்டான். புளித்த குதிரைப்பால் குடித்தால் சரியாகிவிடும் என்றான். குதிரைப்பாலும் வந்தது. காய்ச்சல் போனபாடில்லை.

பிறகு இடது விதை வீங்கியது. முதலில் வலி இருந்தது, தொட முடியாது. கொஞ்ச நாளில் வலி குறைந்துவிட்டது, வீக்கம் குறையவில்லை. கல்லைத் துணியில் முடிந்து வைத்ததுபோல அது கனத்துத் தொங்கியது. யோந்தோன் யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் இருக்கிற ஆண்களின் இடுப்புக்குக் கீழே இருப்பதைப் பற்றி முப்பது வருஷமாகப் பேசிச் சிரித்தவனுக்குத் தன்னுடையதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

டோல்கோர்தான் கண்டுபிடித்தாள். ஒரு காலையில் அவன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். சேணம் கூடாரத்துக்குள்ளேயே கிடந்தது.

"எங்க போற?"

"ஆடு பாக்க."

"நடந்தா?"

பக்கத்துக் கூடாரத்துக்குப் போவதென்றாலும் குதிரையை அவிழ்க்கிறவன் அவன்.

"குதிரைக்கு என்ன?"

"குதிரைக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப உனக்கு?"

அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்து வாசலில் நின்றாள். அவன் சொன்னான். சொல்லி முடித்ததும் அவள் சேணத்தை எடுத்துப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, பக்கத்துக் கூடாரத்துப் பையனின் காரைக் கேட்டு வரப் போனாள்.

வட்டார மருத்துவமனையில் இருந்த டாக்டர் சம்பூவின் மகள் உயங்கா. நகரத்தில் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்த பெண். அங்கே வேறு டாக்டர் கிடையாது. யோந்தோன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து இடுப்பு வலி, காய்ச்சல், வியர்வை எல்லாம் சொன்னான். அதற்குமேல் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தான். டோல்கோர் அவன் முழங்கையைக் கிள்ளினாள்.

"பெரியப்பா, காட்டித்தான் ஆகணும்" என்றாள் உயங்கா.

"நீ பொறந்தப்ப உன்ன என் அங்கிக்குள்ள பொத்தி வச்சுக் கொண்டுவந்தவன்டி நான்."

"தெரியும். அப்பா நூறு தரம் சொல்லியிருக்காரு. மல்லாந்து படுங்க."

அவன் கூரையில் இருந்த ஈரக்கறையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். அவள் கை சில்லென்றிருந்தது. வெகுநேரம் அழுத்திப் பார்த்தாள். மறுபக்கத்தையும் பார்த்தாள், அடிவயிற்றையும் பார்த்தாள். இரத்தம் எடுத்தாள். முடிவு வந்ததும் தானே காரோட்டிக்கொண்டு கூடாரத்துக்கு வந்தாள். சொல்லி அனுப்பாமல் நேரில் வந்ததிலேயே டோல்கோருக்குப் பாதி புரிந்துவிட்டது.

"ரத்தத்துல ஆட்டுக்கு வந்த அந்தக் கன்றுவீச்சு நோய் லேசாக் காட்டுது பெரியப்பா. ஆனா இங்க ஆடு மேய்க்கறவங்கள்ல பாதிப் பேர் ரத்தத்துல அது காட்டும். பழசா புதுசானு சொல்ல முடியல. அது மட்டும்னா மாத்திரை குடுத்திருவேன். கட்டி கல்லு மாதிரி இருக்கே. அதான் பயமா இருக்கு. மாகாண ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்திரலாம்."

ஸ்கேனும் எடுத்தார்கள். மாகாண டாக்டர் திரையைப் பார்த்தார், யோந்தோனைப் பார்க்கவில்லை. புற்றுபோலத்தான் தெரிகிறது, தலைநகருக்குப் போங்கள், தாமதிக்காதீர்கள் என்றார்.

டோல்கோரால் கூடப் போக முடியவில்லை. பசுக்கள் கறவையில் இருந்தன. மந்தையை யாரிடம் விட்டுப் போவது? ஆடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சம்பூ சொன்னான். ஆனால் கறவையை அவனிடம் விட முடியாது. யோந்தோனை பஸ் ஏற்றிவிடும்போது வழக்கப்படி பால் தெளித்து வழியனுப்பிவிட்டு, பஸ் மேட்டைத் தாண்டும் வரை நின்றாள்.

தலைநகர் உலான்பாத்தரில் மகள் செர்மாவின் வீடு எட்டாவது மாடியில் இருந்தது. செர்மா ரொட்டிக் கடையில் வேலை பார்த்தாள். அப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள், வரிசையில் நின்றாள், ஒவ்வொரு கதவிலும் அவனுக்காகப் பேசினாள். ஆனால் அந்த வார்த்தையை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. "அப்பாவுக்கு அந்த எடத்துல" என்று சொல்லி நிறுத்திவிடுவாள். கேட்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அறுவை மருத்துவர் பருத்த உடம்பும் மெல்லிய குரலுமாக இருந்தார். படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எடுத்திரணும்" என்றார்.

"ஊசி போட்டுத் துளியூண்டு எடுத்துப் பாக்க முடியாதா? மத்த கட்டிக்கெல்லாம் அப்படித்தான் பாக்கறாங்கனு சொன்னாங்க" என்று யோந்தோன் கேட்டான். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரன் சொல்லிக்கொடுத்தது அது.

"மத்த எடத்துல பாக்கலாம். இங்க கூடாது. புற்றா இருந்தா ஊசி போன வழியிலயே அதுவும் பரவிரும். இத முழுசா எடுத்துத்தான் பாக்க முடியும்."

"மாத்திரை குடுத்துப் பாத்தா?"

"புற்றா இருந்தா அந்த நாளெல்லாம் வீண். அது நமக்காகக் காத்திருக்காது."

"எடுத்துப் பாத்து, அது இல்லைனா?"

"இல்லைனா நல்லதுதான."

"திரும்ப வச்சுத் தச்சிருவீங்களா?"

மருத்துவர் சிரித்துவிட்டார். செர்மா சிரிக்கவில்லை. நகரத்துக்கு வந்தபின் யோந்தோன் ஒருவரைச் சிரிக்கவைத்தது அப்போதுதான். வெளியே வந்தபின் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தான்.

ஊரில் கூடாரத்துக்குப் பின்னால் இருந்த மலைச்சரிவில் ஏறினால்தான் டோல்கோருக்கு போன் எடுக்கும். அவள் குரலுக்கு முன்னால் காற்றுதான் வந்தது.

"எடுக்கணும்ங்கறாங்க" என்றான்.

"எத?"

"அதத்தான். ஒண்ண."

காற்று இரைந்துகொண்டிருந்தது. கட்டாகிவிட்டதோ என்று அவன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"எடுக்கட்டும்" என்றாள் டோல்கோர். பிறகு, "செவலைப் பசு இன்னும் வீடு வரல. தேடப் போகணும்" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. அவள் மூச்சு வாங்குவது அவனுக்குக் கேட்டது.

அறுத்து எடுத்தார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை யோந்தோன் எட்டாவது மாடியில் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே கார்கள் நகராமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். உட்கார முடியாது, நெடுநேரம் நிற்கவும் முடியாது. செர்மா கறி வேகவைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவாள். மாலையில் வந்து, "வலிக்குதாப்பா?" என்பாள். "இல்ல" என்பான். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு இருக்காது. தனக்குப் பின் மந்தையை யார் பார்ப்பார்கள் என்று யோசித்தான். தனக்குப் பின் டோல்கோர் யாருடைய பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று யோசித்தான். அந்த யோசனைதான் அவனை அதிகம் வாட்டியது.

முடிவு வந்த அன்று மருத்துவர் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"புற்று இல்ல" என்றார்.

செர்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே வெளியே ஓடி அம்மாவுக்கு போன் போட்டாள். மலைச்சரிவில் அவள் இல்லைபோலிருக்கிறது, லைன் கிடைக்கவேயில்லை.

யோந்தோன் அழவில்லை. "அப்ப அது என்ன?" என்று கேட்டான்.

"வீக்கம்தான். கன்றுவீச்சுக் கிருமி அங்க போய்த் தங்கிருச்சு. அதோட சண்டை போட்டுப் போட்டு உங்க உடம்பே அந்த எடத்தக் கட்டிகட்டியா இறுக்கி வச்சிருக்கு. ரொம்ப அபூர்வம் இது. கையில புடிச்சாலும் புற்று மாதிரியே இருக்கும், ஸ்கேன்லயும் அப்படியே தெரியும். எங்களையும் ஏமாத்திரும்."

"மாத்திரை போட்டிருந்தா வத்தியிருக்குமா?"

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொய் சொல்லத் தேடுகிறார் என்று யோந்தோன் நினைத்தான்.

"வத்தியிருக்கலாம். வத்தாமலும் போயிருக்கலாம். நாளைக்கு உங்கள மாதிரியே ஒருத்தர் வந்து உக்காந்தா நான் திரும்பவும் இதத்தான் செய்வேன். மன்னிப்புக் கேக்கலாம்தான். ஆனா அது பொய்யாயிரும்."

யோந்தோன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படலாம் என்றுதான் நினைத்தான். கோபத்தை யார்மேல் இறக்குவது? இவர் அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். உயங்கா அவளுக்குத் தெரிந்ததைச் செய்தாள். ஆடுகள் குட்டி வீசியது ஆடுகளின் குற்றமா? இவன் கைவிட்டு எடுத்தது குற்றமா? எழுந்து, இரண்டு கையாலும் மருத்துவரின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வந்தான்.

மாத்திரைகளோடு ஊர் திரும்பினான். டோல்கோர் ஆடு அறுத்திருந்தாள். பக்கத்துக் கூடாரங்களிலிருந்து எல்லோரும் வந்தார்கள். மூக்குப்பொடிக் குப்பிகள் கைமாறின. உடம்பு தேறியதா, பயணம் சுகமா, மழை எப்படி என்றெல்லாம் கேட்டார்கள். கறி தின்றார்கள். ஒருவரும் கேலி பேசவில்லை. யோந்தோன் காத்திருந்தான். இதே கூடாரத்தில் எத்தனை பேர் வயிறு எரிய இவன் பேசியிருக்கிறான். பழி தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல நாள் அவர்களுக்குக் கிடைக்காது. ஆனால் அவன் கோப்பையை எடுத்தால் பேச்சு நின்றது. எழுந்தால் ஒருவன் கைத்தாங்கலாகப் பிடிக்க வந்தான். பெரியவர்களுக்குப் பேசுகிற மாதிரி மரியாதையாகப் பேசினார்கள். எல்லோரும் போனபின் அவன் டோல்கோரிடம் சொன்னான்:

"என்னப் பொணமாக்கிட்டானுங்க."

"வாய மூடு" என்றாள் அவள். அப்படிப் பேசக்கூடாது, வாயில் வந்தது பலித்துவிடும் என்ற பயம் அவளுக்கு.

இலையுதிர்காலத்தில் உயங்கா வந்து டோல்கோருக்கும் இரத்தம் எடுத்தாள். அவளுக்கும் அதே நோய் இருந்தது, அதுவும் பல வருஷமாக. மூட்டுவலி, முதுகுவலி என்று அவள் சத்தமில்லாமல் சுமந்ததெல்லாம் அதுதான். உயங்கா மாத்திரையை எப்படிப் போடுவதென்று சொல்லிக்கொண்டிருந்தபோது டோல்கோர் இடைமறித்துக் கேட்டாள்.

"செர்மாவுக்கு அப்புறம் ரெண்டு தரம் வயித்துல நிக்காமப் போச்சு. அதுவும் இதாலயா?"

உயங்கா மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இருக்கலாம் பெரியம்மா. இல்லாமலும் இருக்கலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

"ஆட்டுக்கு வந்தப்ப, நோய் வந்திருக்குனு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு வந்தப்ப, பால் பொங்கினத அப்படியே விட்டேன், அதனாலனு மாமியா சொன்னா. நானும் இத்தன வருஷம் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்." டோல்கோர் அவ்வளவு நீளமாகப் பேசி யோந்தோன் கேட்டதில்லை. அவள் வாளியை எடுத்துக்கொண்டு கறவைக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போக எழுந்தவன், வாசல்வரை போய்த் திரும்பி அடுப்புக்குச் சாணி வறட்டி எடுத்துப் போட்டான்.

வெள்ளை மாதம் பிறந்தது. புதுவருஷத்துக்கு யோந்தோன் ஆற்றுப் பனியைக் கடந்து சம்பூவின் கூடாரத்துக்குப் போனான். மற்றவர்கள் வந்து போனபின், உயங்காவும் வெளியே போயிருந்த நேரத்தில், இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். மூன்றாவது கோப்பையில் யோந்தோனுக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"ஒண்ணுமில்லாததுக்கு அறுத்துட்டானுங்கடா. மாத்திரையில போயிருக்கும். ரெண்டு மாசம் பொறுத்திருந்தா தானா வத்தியிருக்கும். கிடாக்குட்டியப் புடிச்ச மாதிரி புடிச்சுப் படுக்கப்போட்டு அறுத்துட்டானுங்க."

சம்பூ குடிக்காமல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "மாத்திரையில போயிருக்குமா? நெஜமாவா?" என்றான்.

"டாக்டரே சொன்னான். வத்தியிருக்கலாம்னு அவன் வாயாலயே சொன்னான்."

வத்தாமலும் போயிருக்கலாம் என்று அவர் சேர்த்துச் சொன்னதை யோந்தோன் அப்போது சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. துக்கத்தில் பாதிதான் வாய்க்கு வரும்.

அடுத்த கோடையில் காயடிப்பு நாட்கள் வந்தன. அவனை யாரும் கூப்பிடவில்லை. அவன் மனம் புண்படக்கூடாது என்று நினைத்திருப்பார்கள். ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து குட்டிகளின் கத்தல் காற்றில் வந்தது. யோந்தோன் கூடாரத்துக்கு வெளியே, அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து வாரைத் தைத்தான்.

பிற்பகலில் சம்பூ ஆற்றைக் கடந்து வந்தான். "உன்னக் கூப்பிடல. நான்தான் வேணாம்னேன். திட்டறதா இருந்தா என்னத் திட்டு" என்று குதிரையில் இருந்தபடியே சொன்னான். யோந்தோன் திட்டவில்லை. சம்பூ உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருபக்கத் தொடையில் பாரத்தை வைத்து, சேணத்தில் படாமல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தான். அந்த உட்காரல் யோந்தோனுக்குத் தெரியும்.

"எவ்வளவு நாளா?" என்றான்.

சம்பூ கீழே இறங்கிக் கடிவாளத்தைக் கட்டினான். கட்டி முடித்ததையே மறுபடியும் கட்டினான். "வெள்ளை மாசத்துக்கு முன்னாடியே" என்றான்.

"அன்னிக்கு உன் கூடாரத்துல நான் பேசினப்பவே?"

"ஆமா."

"சொல்லவேயில்லையேடா."

"அதான் நீ சொன்னியே. மாத்திரையில போயிரும்னு. லாரி ஓட்டறவன்கிட்ட சொல்லி அதே மாத்திரைய வாங்கித் தின்னுக்கிட்டிருக்கேன். நடுவுல கொஞ்சம் வத்தின மாதிரிகூட இருந்துச்சு."

"உயங்காகிட்ட காட்டினியா?"

"பெத்த பொண்ணுகிட்ட எப்படிடா காட்டுவேன்?"

"நான் காட்டினேன்."

"அவ உனக்குப் பொண்ணு இல்ல."

யோந்தோன் சம்பூவின் குதிரையையே அவிழ்த்து, உடம்பு நோவைப் பற்றி நினைக்காமல் ஏறி, வட்டார மருத்துவமனைக்கு ஓட்டினான். அவன் சொல்வதை உயங்கா நின்றபடியே கேட்டாள். கேட்டு முடித்தபின் மேசைமேல் இருந்த ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். "எத்தன மாசம்?" என்று மட்டும் கேட்டாள்.

இந்தத் தடவை அது புற்றுதான். அறுத்தார்கள். அதே மருத்துவர்தான் அறுத்தார். அதற்குள் அது வயிற்றுக்கும் நுரையீரலுக்கும் ஏறிவிட்டிருந்தது. முன்னமே வந்திருந்தால் என்று யாரோ கேட்டதற்கு, முன்னமே வந்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும் என்றாராம் அவர். மருந்து ஏற்றினார்கள். இலையுதிர்காலம் முழுவதும் சம்பூ நகரத்தில் இருந்தான். அவன் ஆடுகளையும் யோந்தோன் தன் மந்தையோடு சேர்த்து மேய்த்தான். முதல் பனி விழுந்தபின் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

யோந்தோன் பார்க்கப் போனான். அந்தக் கரையில் கூடாரக் கதவுக்கு வெளியே வெகுநேரம் பனியைத் தட்டிக்கொண்டு நின்றான். உன்னால்தானே என்று உள்ளே போனதும் சம்பூ கேட்பான், அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் தயார்செய்துகொண்டு வந்த வார்த்தைகள் கதவருகில் மறந்துபோய்விட்டன.

சம்பூ தலைமயிர் கொட்டி, முகம் சிறுத்து, மேற்குப் பக்கக் கட்டிலில் படுத்திருந்தான். "வாடா" என்றான். "மந்தை கொழுத்திருக்கா?"

"கொழுத்திருக்கு."

"என்னோடதையும் உன்னோடதையும் கலந்துட்டியாமே. பிரிக்கறப்ப நல்லதெல்லாம் உன்னோடதுனுவ."

யோந்தோன் சிரிக்க முயன்றான்.

"உக்காரு. ஒண்ணு யோசிச்சேன். உனக்கு எடதுபக்கம் போச்சு. எனக்கு வலதுபக்கம். ரெண்டு பேரையும் ஒரு குதிரையில ஏத்தினா ஒரு முழு ஆம்பள தேறும்."

ஒன்றரை வருஷமாக யாரும் யோந்தோனிடம் இப்படிப் பேசவில்லை. அவன் பதிலுக்கு ஏதாவது சொல்ல வாயைத் திறந்தான். வாயில் வந்தது வேறு.

"நான் சொன்னதக் கேட்டுத்தானே நீ போகாம இருந்த."

"ஆமா" என்றான் சம்பூ. அப்படி இல்லை என்று அவன் சொல்லவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பி, "நீ சொல்லலைன்னாலும் போயிருக்க மாட்டேன். பயந்தவனுக்கு ஒரு சாக்கு வேணும்ல. உன்னோடது கைக்கு வந்துச்சு" என்றான். பிறகு களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டான்.

திரும்பும்போது உயங்கா குதிரை கட்டும் கம்பம் வரை கூட வந்தாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள விடுப்பில் வந்திருந்தாள். யோந்தோன் அவளிடமும் அதையே சொன்னான், தன் வாயால்தான் இது வந்தது என்று.

"பெரியப்பா, வெள்ளை மாச லீவு பூரா நான் இங்கதான் இருந்தேன். எதிர்லயே உக்காந்து டீ ஊத்திக் குடுத்தேன். குதிரை ஏறறப்ப அவர் பல்லக் கடிக்கறதப் பாத்தேன். குளுருதுனு நெனச்சேன்." அவள் கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டினாள். "நான் டாக்டரு."

கம்பத்தில் உறைந்திருந்த முடிச்சை இரண்டு பேரும் சேர்ந்து அவிழ்த்தார்கள்.

அடுத்த வெள்ளை மாதம் பிறப்பதற்கு முன்பே சம்பூ புத்தரடி சேர்ந்துவிட்டான். லாமா குறித்துக் கொடுத்த நாளில் கொண்டுபோனார்கள். யோந்தோனும் தோள் கொடுத்தான்.

வசந்தம் வந்தது, ஆடுகள் ஈன்றன. இந்தமுறை எல்லா ஆடுகளுக்கும் தடுப்பூசி போட்டிருந்தார்கள். ஆனாலும் சில ஆடுகள் வீசத்தான் செய்தன. டோல்கோருக்கு மூட்டுவலி முழுதாகப் போகவில்லை. யோந்தோனுக்குக் காய்ச்சல் வரவில்லை. குதிரை ஏறினான். கூப்பிட்ட இடத்துக்குப் போனான், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான்.

ஒருநாள் கணவாய்க்கு அந்தப்புறமிருந்து ஓர் ஆள் வந்தான். நாற்பது வயதுகூட இருக்காது. வந்ததும் காணாமல்போன குதிரை ஒன்றைத் தேடுவதாகச் சொன்னான். தேநீர் குடித்தான், உலர்ந்த தயிர்க்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு வானிலை பேசினான். டோல்கோர் வாளியோடு வெளியே போனபின்தான் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, உங்களுக்கு இது தெரியும்னாங்க. எனக்கு அங்க வீங்கியிருக்கு. டாக்டர் பொண்ணு நகரத்துக்குப் போகச் சொல்லுது. போனா அறுத்துருவாங்க இல்லண்ணே? உங்களுக்குச் சும்மா வீக்கம்தானாமே. சம்பூ அண்ணனுக்குத்தான் வேற ஏதோ ஆயிருச்சாம். எனக்கு எதுவா இருக்கும்? நீங்க பாத்தா தெரியுமா?"

யோந்தோன் அவனைப் பார்த்தான். நல்ல திடகாத்திரமான ஆள். புதிதாகத் தைத்த அங்கியின் கழுத்துப்பட்டையில் தையல் இன்னும் பளிச்சென்றிருந்தது.

"தெரியாது" என்றான்.

"அறுத்துக்கவா வேணாமா? அதையாவது சொல்லுங்க."

"போகாம இருந்தா செத்தாலும் சாவ. போனா ஒண்ணும் இல்லாததுக்கு அறுத்தாலும் அறுப்பாங்க. ரெண்டும் நான் பாத்துட்டேன். போன்னுதான் சொல்லணும். போ."

வந்தவன் இன்னும் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தான். யோந்தோன் கேத்தலை எடுத்து அவன் கோப்பையை மறுபடி நிரப்பினான். அந்த ஆள் அதைக் குடித்துவிட்டு, குதிரையைத் தேடிப் போவதாகச் சொல்லிவிட்டு, மலைப்பக்கம் திரும்பிப் போனான். நகரத்துக்குப் போனானா இல்லையா என்று யோந்தோனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.